உளுந்து தெளித்த பிறகு

சம்பா அறுக்க ஒரு வாரம் இருக்கையிலேயே
ஈரம் விடுமுன் உளுந்து தெளித்துவிடுகிறார்கள்.
அன்றிலிருந்து பங்குனிவரை
என் ஆடுகளுக்கு ஊரே வேலி.

தண்டோரா கிடையாது இப்போது.
வாட்ஸப்பில் ஒரு குரல் வந்தது:
வயலில் ஆடு இறங்கினால் ஐந்நூறு,
பாலாடானாலும் ஐந்நூறு.
அந்தக் கடைசி வரி எனக்கென்றே சொன்னது.
குடமுருட்டிக் கரையில்
கறப்பதற்கென்று ஆடு வைத்திருப்பவள்
நான் ஒருத்திதான்.

மூன்று உருப்படி.
கொம்பில்லாத மொட்டைச்சி,
காது தொங்கும் பட்டுக்காரி,
தலைச்சன் ஈன்று இருபது நாளான சிட்டு.
படுகையில் நாலடிக்கு ஒரு வாய்
தானே பொறுக்கித் தின்று பழகியவை.
முளையடித்துக் கட்டிவிட்டு
என்ன போடுவது?

பிண்ணாக்குக் கடை தியாகேசன்
விலை சொல்லவில்லை, மூட்டையைத் தட்டிக் காட்டினார்.
சத்தத்திலேயே தெரிந்தது.

வரப்பில் உரத்துக்கு வைத்த கிளைரிசிடியா
கேட்பாரற்று நின்றது. ஒரு கட்டு ஒடித்துவந்தேன்.
மொட்டைச்சி மோந்து பார்த்துத் தும்மினாள்.
மற்ற இரண்டும் மோந்தும் பார்க்கவில்லை.
முந்தின நாள் ஒன்றே முக்கால் லிட்டர்,
அன்று முக்கால்.
ஆத்திரத்தில் தழையைத் தூக்கி
ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் எறிந்தேன்.
சாயங்காலம் காற்றில் சரிந்து விழுந்த கொத்தைப்
பட்டுக்காரி எட்டிக் கடித்தாள்.
கடித்தவள் நிறுத்தவில்லை.
வெயிலில் வாடி நாற்றம் போயிருந்தது.
எனக்குப் புத்தி வர
தழை ஒரு பகல் காயவேண்டியிருந்தது.

மாசி முகூர்த்தத்தில்
மண்டபத்து வாசலில் காத்துக்கிடந்தேன்.
எச்சில் இலையும் மிஞ்சின சோறும் எடுத்துக்கொள் என்றார்கள்.
சோறு வேண்டாம், வயிறு ஊதிவிடும்,
அந்த வாழைமரம் இரண்டையும் அவிழ்த்துத் தாருங்கள்.
தாரை யாரோ முன்னமே கொண்டுபோயிருந்தார்கள்.
தண்டையும் பட்டையையும் நறுக்கிப் போட்டேன்.
முழுக்கத் தண்ணீர்.
பசி ஏமாந்தது,
மடி ஏமாறவில்லை.

பண்டாரவாடைக் கொடிக்காலில்
அகத்தி கழிக்கும் நாளில்
ஜபருல்லா போன் போடுவார்.
தழை எனக்கு, புழுக்கை அவர் வெற்றிலைக்கு.
இதுவரை ரெண்டு பேரும் நிறுத்துப் பார்த்ததில்லை.
கட்டு சிறுத்த வாரம்
என் சாக்கும் கொஞ்சம் சிறுக்கும், அவ்வளவுதான்.

லூர்துமேரி டீச்சர் என் பாலைக்
காப்பியில் ஊற்றமாட்டார்.
வெறுமனே காய்ச்சி, ஒரு வாய் உறிஞ்சி,
கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்ப்பார்.
"நேற்று என்ன போட்டே?"
"வழக்கமானதுதான் டீச்சர்."
"இல்ல. ஏதோ தழை."
அதன்பின் கறந்து முடித்தபிறகே
வாடின தழையை அவிழ்க்கிறேன்.
ஒரு வாரம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.
வேப்பங்கொழுந்து நாலு கிள்ளிப்போட்ட அன்று
மறுபடி கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

சிட்டு முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது
ஒரு செவ்வாய்க்கிழமை.
நான் கயிற்றைப் பிடிப்பதற்குள்
பூவும் பிஞ்சுமாய் அரைக் குழி உளுந்து
உள்ளே போயிருந்தது.
ஐந்நூறு கட்டினேன்.
ரசீது கேட்டேன், சிரித்தார்கள்.
ராத்திரி முழுக்க அதன் வயிற்றைத் தட்டித் தட்டி
ஊதுகிறதா என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.
ஊதவில்லை. அது பாட்டுக்கு அசைபோட்டது.

விடிந்து கறந்தால்
நுரை செம்பின் வாயைத் தாண்டியது.
குட்டிக்கு விட்டதுபோக
சிட்டு மட்டும் கால் லிட்டர் கூட.

டீச்சர் ஒரு வாய் உறிஞ்சினார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
மீதியையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு
தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.
"இதுதான் பால். நேற்று என்ன போட்டே?"

ஐந்நூறு ரூபாய் என்று
நாக்கு நுனிவரை வந்தது.

"வழக்கமானதுதான் டீச்சர்."