தலை எண்ணுகிறவள்

பாட்டுக்காக நான் வரவில்லை.
பியூரெட், பிப்பெட், சோதனைக்குழாய் எண்ணி
அலுமாரி பூட்டுகிறவள் நான்.
"காது எப்படியும் இருக்கட்டும்,
கண் சரியான ஆள் ஒண்டு வேணும்" என்று
அதிபர் என் பெயரை எழுதினார்.

மட்டக்களப்பில் விடிய நாலரைக்கு பஸ்.
பிள்ளைகள் இருபத்திமூன்று,
ஷொப்பிங் பை பதினெட்டு;
வெருகல் வருமுன் ஏழு பை முடிந்தது.
சத்தி எடுத்தவர்கள் எல்லாரும்
மேல்குரல்காரர். ஏனென்று தெரியாது.

கிண்ணியாப் பாலத்தில் மூச்சடக்கும் போட்டி.
ஷெரோமி பாதியில் ஊதிவிட்டாள்,
மற்றவர்கள் அந்தக் கரை வரை.
"பாத்தீங்களா, பயிற்சி" என்றா பிலோமினா ரீச்சர்.
நான் கடலைக் காட்டினேன்.
"எங்கட ஊரிலயும் இருக்குத்தானே மிஸ்."

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு.
வாளி வாளியாக அள்ளி ஊற்றி
இது ச, இது ரி என்று பெயர் வைத்தார்கள்.
ம எது என்று சண்டை வந்தது.
கிணற்றுக்கு மூன்று பேராகப் பிரித்தேன்,
மிச்சம் இரண்டு:
இழுப்புக்காரி மதுஷிக்கா, தலை நனைக்கக் கூடாது.
மற்றது டிலக்சன்.

டிலக்சனுக்குப் போன மாதம் குரல் உடைந்தது.
"வாயை மட்டும் அசை மனே,
வரிசை குலையப்படாது."
பின்வரிசை, வலமிருந்து இரண்டாவது.
வாய் இருபத்திமூன்று,
குரல் இருபத்திரண்டு.
காதால் கண்டுபிடித்ததல்ல:
அவன் கழுத்து நரம்பு மட்டும் எழும்புவதில்லை.

கோட்டை வாசலில் மான்கள்,
ஓட்டோக்களுக்கு நடுவே,
வரி அறவிட வந்த நகரசபை ஆட்கள் மாதிரி.
ரீச்சர் ஃபைலை மதிலில் வைத்துவிட்டு
செருப்பு வார் பூட்டக் குனிந்தா.
நிமிர்வதற்குள் இரண்டு பக்கம் இல்லை.
சிங்களப் பாட்டு.
தமிழ் எழுத்தில் எழுதி
நீட்ட வேண்டிய இடமெல்லாம் சிவப்புக் கோடு போட்டது.
ஐந்து மணிக்குப் பெரிய ஆட்கள் வருகிறார்கள்.
"மான் சிங்களம் படிச்சிட்டு மிஸ்" என்றாள் ஷெரோமி.
ஒருவரும் சிரிக்கவில்லை.
கொஞ்சம் பொறுத்து எல்லாரும் சிரித்தார்கள்,
ரீச்சரைத் தவிர.

மண்டபம். திரை விலகியது.
மேடைக்குக் கீழே, தண்ணிப் போத்தல்களோடு நான்.
எண்ணினேன். இருபத்திரண்டு.
திரும்ப எண்ணினேன். இருபத்திரண்டு.
மலசலகூடமா? றோட்டா?
கடல் இங்கிருந்து எத்தனை யார்?
எழும்பப் பார்த்த என் சேலைத் தலைப்பில்
யாரோ முழங்கால் ஊன்றியிருந்தார்கள்.
டிலக்சன்.

மூன்றாவது பாட்டு.
அவன் வாயைத் திறந்தான், சத்தமில்லாமல்,
ஒவ்வொரு சொல்லையும் கொய்யாப்பழம் போலக் கடித்து.
நாற்பத்திநான்கு கண்ணும் அவன் உதட்டில்.
அவன் குவித்தான், மேடை குவிந்தது.
அவன் இழுத்தான், மேடை இழுத்தது.
குரலைப் பறித்த பிறகு
அவனிடம் மிஞ்சியது சொல் மட்டும்தான்;
அதில் ஒரு எழுத்தையும் அவன் விடவில்லை.

பாட்டு எப்படி என்று என்னைக் கேட்கக் கூடாது.
கை தட்டினார்கள்.
முன்கதிரையில் ஒரு அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா;
புழுக்கமாகவும் இருக்கலாம்.

இரவு திரும்புகையில் விளக்கை அணைத்துவிட்டு
தலை தலையாகத் தொட்டு எண்ணினேன்.
எண்ணெய், வியர்வை, ஒரு பேன்.
மூதூர் கழிய, இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்,
கனமாக, கரகரப்பாக:
"அண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்க."
யாரோ பெரிய மனிதர் என்று
டிரைவர் உடனே ஓரம் கட்டினார்.

கதவடியில் டிலக்சன், சின்னவிரலைக் காட்டியபடி.
அவனைக் கண்டு இன்னும் ஆறு பேருக்குத் தைரியம் வந்தது.
பற்றைக்குப் போனது ஏழு.
திரும்பி வந்தது எட்டு.
டோர்ச் அடித்தேன்.
பிலோமினா ரீச்சர்.