ஐந்நூறு கார்டு

மேடவாக்கம் கூட்டு ரோட்டில்
ஜெராக்ஸும் ஆதார் திருத்தமும் காதுகுத்துப் பத்திரிகையும்
ஒரே ஷட்டருக்குள் நடக்கிற கடை.
மத்தியானம் மூன்று மணி. நாங்கள் மூன்று பேர்.
சோப்பு போட்டும் போகாத ப்ளீச்சிங் பவுடர் வாசனை.

கம்பெனி பேர் சொல்லுங்கக்கா என்றான் லோகு.
ஷேர் ஆட்டோவில் வழியெல்லாம் சண்டை போட்டு
ஒன்றும் முடிவாகாமல்தான் வந்திருந்தோம்.

பளிச் என்றாள் சம்சாத்.
சோப்புத்தூள் மாதிரி இருக்கு என்றாள் பியூலா.
பியூலா மாதா கிளீனிங் என்றாள்.
சம்சாத் ஒன்றும் சொல்லாமல் துப்பட்டாவைச் சரிசெய்தாள்.
பியூலாவே வாபஸ் வாங்கிக்கொண்டாள்.
பியூலா, சம்சாத், நான் தேசராணி,
முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்தோம்:
பிசதே.
பேய் ஓட்டுற கம்பெனியாக்கா என்றான்.

சரி, படத்தை முதலில் பார்ப்போம் என்று
எதையோ தட்டினான். திரை முழுக்க ஒரே பொம்மை.
கவுன் போட்ட வெள்ளைக்காரி, இடுப்பில் ஒரு கை,
பல்லில் ஒரு நட்சத்திரம்.
இவ ஒரு நாள்கூட கக்கூஸ் கழுவியிருக்க மாட்டா
என்றாள் பியூலா.

துடைப்பம் மட்டும் போடட்டா? பார்த்ததும் புரியும்.
துடைப்பம் வேணாம்.
ஏங்க்கா?
வேணாம்.

முப்பத்தொரு வருஷம் கார்ப்பரேஷன் வண்டிக்குப் பின்னால்
அப்பா அதோடுதான் நடந்தார்.
பத்தாவது படிக்கையில் என் கணக்கு நோட்டு அட்டையில்
எவனோ வரைந்து வைத்திருந்ததும் அதுதான்.
நன்றாகத்தான் வரைந்திருந்தான், ஈர்க்கு ஈர்க்காக.
லோகுவிடம் இதைச் சொல்லவில்லை.
பர்ஸ்ல சாமி படம் இருக்கும் தம்பி,
பக்கத்துல வைக்க மாட்டாங்க என்றேன்.

வாளி போட்டால் தண்ணி லாரி.
வீடு போட்டால் ரியல் எஸ்டேட்.
குமிழி போட்டான், மீன் தொட்டிக் கடை ஆகிவிட்டது.
அதோடு கம்ப்யூட்டரும் நின்றது.
ஹேங் ஆயிடுச்சு, அஞ்சு நிமிஷம்,
உட்காருங்கக்கா.

இரண்டு ஸ்டூல், ஒன்றில் பேப்பர்க் கட்டு.
கட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.
நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.

பதினோரு வருஷம். எத்தனை பிளாட், எத்தனை நாற்காலி.
தேக்கு, பிரம்பு, சக்கரம் வைத்தது,
குழந்தைக்குச் சோறூட்டுகிற உயரமானது.
ஆட்டுக்குட்டி மாதிரி காலைப் பிடித்துத் தூக்கி
மேஜைமேல் கவிழ்த்துவிட்டுத்தான் தரை துடைப்போம்.
அடியில் யார் சூயிங்கம் ஒட்டினார்கள் என்பதுவரை தெரியும்.
மேல்பக்கம் எப்படி இருக்கும் என்றுதான்.

சம்சாத் சிரித்தாள். அதையே வைப்பா.
எதைக்கா?
இப்ப நீ சொன்னதை.
என்ன சொன்னோம் என்று அவனுக்கு ஞாபகமில்லை.

உக்காருங்க கிளீனிங் சர்வீஸ், பெரும்பாக்கம்.
ஒரு ட் போடு என்றாள் பியூலா,
படிச்சவங்க வாங்கிப் பாக்குற கார்டு.

நாற்காலி வரைந்தான்.
ஃபர்னிச்சர் கடைன்னு நெனைப்பாங்கக்கா.
எலெக்‌ஷன் வேற வருது.
கவுத்துப் போடு.
நாலு காலும் மேலே பார்த்துக்கொண்டு
மல்லாந்த கரப்பான் மாதிரி கிடந்தது.
பாவமாக இருந்ததோ என்னவோ, நிமிர்த்தினான்.
மறுபடி கவிழ்க்கச் சொன்னோம்.
நீலம் ஆஸ்பத்திரி, ரோஸ் பியூட்டி பார்லர்,
கடைசியில் எலுமிச்சை பினாயிலின் பச்சை.

ஐந்நூறு கார்டு அறுநூறு ரூபாய்.
பளபள கவர் போட்டால் இன்னும் இருநூறு. வேண்டாம்.
முப்பது குறைந்தது.
அப்புறம் தாங்க என்றவன்
காலடியில் டீ கொட்டிக் காய்ந்த வட்டத்தை
பார்த்தும் பார்க்காததுபோல் பேப்பரால் மூடினான்.

செவ்வாய்க்கிழமை, சோழிங்கநல்லூர் பஸ்.
ஒரு கை கம்பியில், ஒரு கையில் மாப்புக் குச்சி.
போன் அடித்தது, தோளில் இடுக்கினேன்.
ஹலோ, உட்காருங்களா?
ஆமாம்மா, உட்காருங்கதான் பேசறேன்.

ஜன்னலோரம் இருந்த ஆள் திரும்பிப் பார்த்தார்,
பாதி எழுந்தார்,
மறுபடி உட்கார்ந்துகொண்டார்.