குளிர்கால எடை

யாகூத்ஸ்க். மைனஸ் நாற்பத்தாறு.
குளிர்காலத்தில் ஆளுக்கு எண்பது கிலோ
என்கிறது அட்டவணை.
கோட்டு, தொப்பி, கலைமான் தோல் பூட்ஸ்
எல்லாம் அதற்குள் அடக்கம்.
நாற்பத்தொரு பேர். பெருக்கினேன்.
பின்னறையில் தபால் மூட்டைகள், ஒரு ஜெனரேட்டர்.
பென்சில் கோடு வரைபடத்தில் இறங்கி
பின்விளிம்புக்கு ஒரு நகக்கண் முன்னால் நின்றது.
கையெழுத்திட்டேன்: சர்கிலானா.

பதினொரு நிமிடத்தில் ரேடியோவில் துயுலுஸ்தான்.
"நீ எழுதிய டிரிம்தான் வைத்தேன்.
நான் இழுப்பதற்குள் தானே மூக்கைத் தூக்கியது.
சக்கரத்தை முன்னால் இரண்டு சுற்று.
கூட்டலைப் பார்."

பார்த்தேன்.
தேநீர் ஆறி, மேலே ஏடு கட்டும்வரை பார்த்தேன்.
கூட்டல் சரி.

மாலையில் திரும்பி வந்து
கையுறையைக்கூடக் கழற்றாமல் சிரித்தான்:
கடைசி மூன்று வரிசையும் ஒரே கல்யாணக் கூட்டம்.
ஆளுக்கு மூன்று மீன், நான்கு மீன்,
விறகாய் விறைத்து, மார்போடு அணைத்தபடி.
இறங்கும்போது பெண்ணின் அண்ணன் கேட்டானாம்,
"மீனுக்குமா டிக்கெட்?"

ஆக, கோட்டுக்குள்தான் இருந்தது பிழை.
நான் போட்ட கோட்டுக்குள் அல்ல,
அவர்கள் போட்ட கோட்டுக்குள்.

எண்பது கிலோ மனிதர்
ஒருநாளும் ஏறியதில்லை என் விமானத்தில்.
பன்னிரண்டு வருடமாக
அவரைத்தான் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் சரக்குக் கொட்டகையிலிருந்து
தராசை இழுத்து வந்து வாசலில் போட்டேன்.
வரிசை முறைத்தது.
ஒருத்தி கைப்பையை இறுக்கிக்கொண்டாள்.
சரி என்று
முதலில் நானே ஏறி நின்றேன்,
கோட்டோடு.

தொண்ணூற்று மூன்று.