மூன்று கீறல்

சீனக்குடா மா ஆலையின் வாசம்
பாலம் வரை பஸ்ஸுக்குள் கூடவே வந்தது.
மடியில் ஐஸ்பெட்டி. அதற்குள்
கறுப்புத் தாளில் சுற்றிய நாற்பது கீற்றுகள்.
வெயில் பட்டால் சாயம் கெட்டுவிடும்.

கிண்ணியாவில் பதினேழாவது கிணறு
லாபிருடையது.
முன்னால் பற்றரிக் கடை.
பின்னால் பிளந்த பெட்டிகள், கழுவிய தகடுகள்,
கழுவிய தண்ணீர் போன வழியில் மட்டும்
புல் இல்லை.

முதலில் நான் கொண்டுபோன போத்தல் தண்ணீரில் தோய்த்தேன்.
பச்சை பச்சையாகவே இருந்தது.
பிறகு அவருடைய வாளியில்.

அந்தச் சாய மூலக்கூறுக்கு
நண்டுக்குப் போல ஒரு கொடுக்கு.
சோடியம் வந்தால் சும்மா கிடக்கும்,
கல்சியம் உரசிப் போனாலும் கண்டுகொள்ளாது,
ஈயம் என்றால் கவ்வும்.
கவ்விய கணத்தில் உள்ளே ஏதோ இடம் மாறி
வெளிச்சத்தை வேறு மாதிரி விழுங்கும்.
இதை விளங்கி எழுத எனக்கு
மூன்று வருடமும் பதினொரு பக்கமும் பிடித்தது.
கீற்றுக்கு நாற்பது வினாடி.

"பாருங்க" என்றேன்.
பார்த்தார். வாங்கி வெயிலுக்குப் பிடித்தும் பார்த்தார்.
"மாறவே இல்லையே, மிஸ்."

காணி விலை, மகளின் கலியாணம், பக்கத்து வீட்டு வாய்:
ஒவ்வொரு கிணற்றடியிலும் ஏதோ ஒன்று
நிறத்தை மறுத்திருக்கிறது.
நாக்கு நுனிக்கு வந்துவிட்டது ஒரு சுடுசொல்.
அப்போதுதான் அவர் வேலை செய்யும் மேசையைக் கண்டேன்.
சிவப்பு வயர், பச்சை வயர், கறுப்பு வயர்,
எல்லாத் தலையிலும் அரத்தால் கீறல்.
ஒன்று என்றால் கூட்டல்.
இரண்டு என்றால் கழித்தல்.
முப்பது வருடம்
ஒருவருக்கும் சொல்லாத கண்.

எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தாள் ரிஹ்லா,
ஐந்து வயசு, தளும்பாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு.
கோப்பையைத் தந்துவிட்டுக் கீற்றை எட்டிப் பார்த்தாள்.
"வாப்பா, மாதுளங்கொட்டை!"

லாபிர் பார்த்தது கீற்றை அல்ல, அவளை.
பிறகு என் கையிலிருந்த கோப்பையை வாங்கி
புல் இல்லாத இடத்தில் ஊற்றினார்.

லீற்றருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று
நான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.
படிவத்தில் அவதானித்த நிறம் என்ற கட்டத்துக்குள்
மாதுளங்கொட்டை என்று எழுதியிருந்தேன்,
வெட்டவில்லை.

அவர் அரத்தை எடுத்துப் போய்
கிணற்றுக்கட்டில் குந்தினார்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவதற்குச் சீமெந்து இடம் கொடுக்கவில்லை.
அழுத்தினார்.