தயவுசெய்து இவரைப் பார்க்கவும்

ஒட்டிய உறையைப் பிரிக்கக் கூடாது என்றார்கள்.
ஜெயநகர் நாலாவது பிளாக் பஸ் ஸ்டாப்பிலேயே பிரித்துவிட்டேன்.
"முப்பத்தொரு வயதுப் பெண்.
தயவுசெய்து இவரைப் பார்க்கவும்.
பி.பி.டி.
கறாராக நடந்துகொள்வது நல்லது."

இத்தனை மரியாதையாக என்னை
யாரும் இன்னொருவர் மேல் தள்ளிவிட்டதில்லை.

இது நாலாவது கடிதம்.
முதலாவது கம்பெனி டாக்டர் எழுதியது,
பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் நான் அழுத மத்தியானம்,
லைன் நின்றுபோன பதினோரு நிமிடத்துக்காக.
அவர் அனுப்பியவர் மாத்திரை எழுதினார்,
பெயர் வைத்தார், அனுப்பினார்.
அங்கிருந்து போன இடத்தில் ஒரு கவுன்சலர்.
இரண்டு வியாழக்கிழமை நன்றாகத்தான் கேட்டாள்.
மூன்றாவதில் ஃபைலைப் படித்துவிட்டு வந்தாள்.
"இந்த மாதிரி கேஸ் நான் எடுக்கிறதில்லை,
தப்பா நினைக்காதீங்க."
தப்பா நினைப்பதுதான் என் வியாதி என்று
அவள் கையிலிருந்த தாளிலேயே எழுதியிருந்தது.

வீட்டில் இதற்கு வேறு பெயர்.
"அவ குணம் அப்படி" என்பாள் அம்மா
ஈஜிபுரா சுவர்கள் எல்லாவற்றுக்கும் கேட்க.
காய்ச்சல் விட்ட காலையில் அதே வாய்
"குணமாச்சாடி?" என்று நெற்றியைத் தொடும்.
தொட்டிலில் போட்ட பெயர் குணவதி.
இயல்புக்கும் நலத்துக்கும் ஒரே சொல் வைத்த மொழியில்
என் குணமே நோய் என்றால்
எது போனால் எனக்குக் குணம்?
டாக்டரைக் கேட்க நினைத்தேன்.
அவருக்குத் தமிழ் தெரியாது.
எனக்கு இங்கிலீஷில் அந்தச் சந்தேகமே வரவில்லை.

நான் செக்கர். நாளைக்கு எழுநூறு சட்டை.
பழுதிருந்தால் சிவப்பு அம்புச் சீட்டு ஒட்டணும்,
அம்பின் முனை பழுதையே தொடணும்:
விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை,
ஓட்டை கிழிந்த பித்தான்.
சோம்பலில் காலரில் ஒட்டி அனுப்பினால்
சூப்பர்வைசர் நாகரத்னா சட்டையை உதறிப் பிடித்து
"எல்லி? தோர்ஸு!" என்பாள்.
எங்கே, காட்டு.
காட்டமுடியாத பழுது அவள் கணக்கில் பழுதில்லை.

மார்ச்சில் குக்கர் சீறி முழங்கை வெந்தது.
அவசரப் பிரிவுப் பையன் என் நம்பரைத் தட்டினான்,
திரையைப் பார்த்தான்,
அதற்கப்புறம் கையைப் பார்க்கவே இல்லை.
"நீங்களே செஞ்சுக்கிட்டதா?"
பருப்பு, என்றேன். துவரம்பருப்பு.
கொப்புளத்தின் ஓரம் மஞ்சளாக ஒன்று
இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது, சாட்சிக்கு.
களிம்பு வர ஒன்றேகால் மணி நேரம்.
குறிப்பு எழுத ஒரு நிமிடம்:
கவனத்தை ஈர்க்க முயல்கிறார்.
ஆமாம் சார், முயன்றேன்.
வெந்திருந்தது.

சில நாள் நான் கஷ்டமானவள்தான்.
போனை எடுக்காத தோழிக்கு
நாற்பது முறை அடித்திருக்கிறேன்.
நாற்பத்தோராவதில் அவள் எடுத்தபோது
கத்திவிட்டு வைத்திருக்கிறேன்.
அதையெல்லாம் சொல்லத்தான் வந்தேன்.
சொல்வதற்குள் தெரிந்துவிடுகிறது எல்லோருக்கும்.

இன்று பெரிய ஆஸ்பத்திரி.
டோக்கன் இருநூற்றுப் பதினாலு.
ஓடிக்கொண்டிருப்பது எண்பத்தாறு.
எதிர் பெஞ்சில் ஒருவர்
தன் ஃபைலை நெஞ்சோடு அணைத்துத் தூங்குகிறார்,
யாரோ பிடுங்கிவிடுவார்கள் போல.

யூனிஃபார்ம் பையில் மீந்திருந்த
சிவப்பு அம்பு ஒன்றை எடுத்தேன்.
கடிதத்தில் எங்கே ஒட்டுவது என்று
வெகுநேரம் பார்த்தேன்.
பி.பி.டி. பக்கம் போன விரல் திரும்பி வந்தது.
"பார்க்கவும்" என்ற சொல்லுக்கு அடியில் ஒட்டினேன்,
முனை சரியாகத் தொடும்படி.

டிபன் டப்பாவில் தயிர்சாதம்.
கடைசிப் பருக்கையை நசுக்கித் தடவி
உறையை மறுபடி மூடினேன்.
கோணல்தான். பிரித்தது தெரியும்.

துடைப்பத்தோடு வந்த ஆயாம்மா
காலைத் தூக்கச் சொன்னாள், பெருக்கினாள்,
போகிறபோக்கில் கேட்டாள்:
"ஊட்ட ஆய்த்தா?"

ஆய்த்தும்மா, என்றேன்,
ஒரு பருக்கை குறைய.