சுழியம் அல்லது ஓ

மேலமாசி வீதியில், லாட்ஜுக்கு மேல் மாடியில் என் நாற்காலி.
கடல் இங்கிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர்.
ஆனாலும் கப்பல் என் மேசைக்குத்தான் முதலில் வரும்,
காகிதமாக.

ஏற்றிய சரக்குக்கு ஒரு சீட்டு, விலைக்கு ஒரு சீட்டு,
எந்தப் பெட்டியில் எத்தனை என்று ஒரு சீட்டு.
பிறந்த நாடு இன்னதெனச் சத்தியம் செய்யும் ஒன்று;
அதன் சிவப்பு முத்திரையில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து,
குட்டிக் குட்டியாய் வீடு கட்டி அடுக்கியது மாதிரி.

பேட்டரிக்குத் தனி ஜாதகம்.
குலுக்கிப் பார்த்தார்கள், வெடிக்கவில்லை.
சூடேற்றினார்கள், வெடிக்கவில்லை.
காற்றுக் குறைந்த உயரத்தில் வைத்தார்கள்,
அப்போதும் பேசாமல் இருந்ததாம்.
என்னை இங்கே எடுக்கும்போது
டைப்பிங் லோயர் மட்டும்தான் கேட்டார்கள்.

படிவம் கேட்கிறது: இன்ஜின் கொள்ளளவு எத்தனை சி.சி.?
இன்ஜினே இல்லை.
வெறுமையாய் விட்டால் சிவப்புக் கோடு குறுக்கே விழுகிறது.
இல்லாததையும் ஓர் எண்ணாகச் சொல்லவேண்டும் அதற்கு.
சுழியம் அடித்தேன்.
சரி, போ என்றது.

துளசிராம், பட்டு விற்ற கை.
முதன்முதலாய் வெளிநாட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறார்,
நாற்பது ஸ்கூட்டருக்கு.
காமராசர் சாலையில் கடை வாடகை ஓடுகிறது.
பலகை ஏறிவிட்டது, பலகையில் மஞ்சள் மின்னல்.
தினம் பதினொரு மணிக்குப் படியேறி வருவார்:
"என்னம்மா, பெட்டி தெறந்தாச்சா?"

வெள்ளிக்கிழமை மாலை தூத்துக்குடியிலிருந்து கேள்வி வந்தது.
இருபத்தி மூன்றாம் வண்டி. சேஸிஸ் நம்பர் ஒத்துவரவில்லை.
பதினேழு எழுத்து.
விரல் வைத்துப் படித்தேன்,
இன்வாய்ஸில், என் தட்டச்சில், மறுபடி இன்வாய்ஸில்.
பதினோராவது இடம்.
அங்கே சுழியம்.
இங்கே ஓ.

ஞானாதிக்கம் சார் கண்ணாடியைக் கழற்றினார்.
"சேஸிஸ் நம்பர்ல ஓ வரவே வராது ராக்கு.
ஐ வராது, கியூ வராது.
கண்ணு ஏமாறக் கூடாதுன்னு
உலகம் பூரா ஒதுக்கி வச்ச மூணு எழுத்து."
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் நான் ராக்கம்மாள்.
ஆதாரில் ராக்கு. ரேஷன் கார்டில் ராக்காயி.
மூன்று பேரும் சேர்ந்து திருத்தக் கடிதம் எழுதினோம்:
தட்டச்சுப் பிழையின் காரணமாக, ஐயா.
யார் பிழை என்று எழுத
கடிதத்தில் இடம் இருக்கவில்லை.

சனி. ஞாயிறு.
திங்கள், பராமரிப்புக்காக மின்தடை, ஒன்பதிலிருந்து ஐந்து.
மின்சார வண்டியின் காகிதம்
மின்சாரத்துக்குக் காத்துக் கிடந்தது.
துறைமுகத்தில் கன்டெய்னர்
தான் நின்ற வெயிலுக்கு நாள் வாடகை கேட்டது.
துளசிராம் அன்றைக்கும் வந்தார்.
பெஞ்சில் உட்கார்ந்து இன்வாய்ஸ் நகலை மடித்து விசிறிக்கொண்டார்.
நடுநடுவே என் பக்கமும் விசிறினார்.
அந்த ஓ யாருடையது என்று அவருக்குத் தெரியாது.
நானும் சொல்லவில்லை.

திருத்தம் ஏற்கப்பட்டது.
புதன் இரவு கப்பலூர் டோல்கேட் தாண்டி லாரி வந்ததாம்.
எலுமிச்சம்பழம் நசுக்கிய படம் போனில் வந்தது.
டெமரேஜ் ரசீதை அவரே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்,
"ஊருக்குப் புதுசு, தட்டுக்கெட்டுத்தான் வரும்."

இப்போது கோரிப்பாளையம் சிக்னலில்
பச்சை நம்பர் பிளேட் எது நின்றாலும்
என் கண் அதன் அடிவயிற்றுக்குப் போகிறது.
அங்கே எங்கோ இரும்பில் வெட்டிய பதினேழு எழுத்து.
நேற்று ஒன்று. முன்னால் சிலிண்டர், பின்னால் ஒரு பையன்,
ஓட்டிய பெண் போனைத் தோளில் இடுக்கி
யாரிடமோ கத்திக்கொண்டிருந்தாள்.
இருபத்தி மூன்றா?
கேட்டால் அவளுக்குத் தெரியாது.
விளக்கு மாறியதும் வண்டி கிளம்பியதே கேட்கவில்லை,
அவள் குரல் மட்டும்
கொஞ்சம் கொஞ்சமாய்த் தள்ளிப் போனது.