ஐந்தில் ஏதாவது நான்கு

சோதனைக்கு இன்னும் ஒன்பது மணித்தியாலம்.
மேசையில் போன வருட வினாத்தாள், ஆறிப்போன பிளேன்ரீ,
நுளம்புத்திரியின் இரண்டாவது சுருள்.

நிறுவனக் கலாசாரத்துக்கு மூன்று அடுக்கு என்கிறது குறிப்பு.
கண்ணுக்குத் தெரிவது.
சொல்லிக்கொள்வது.
சொல்லத் தேவையே இல்லாமல் எல்லாரும் நம்புவது.
உதாரணம் தருக. ஆறு புள்ளி.

கண்ணுக்குத் தெரிவது:
எங்கள் ஐஸ் கொம்பனி வாசலில், கண்ணாடிச் சட்டத்துக்குள்,
கொழும்பிலிருந்து வந்த தூரநோக்கு.
மும்மொழியிலும் இருக்கிறது. தமிழில் இரண்டு எழுத்துப்பிழை.

சொல்லிக்கொள்வது:
நாமெல்லாம் ஒரே குடும்பம்.
குடும்பத்தில் ஏழு பேருக்குப் போன மாதம் சம்பள வெட்டு.

மூன்றாவதை எழுதப் போய் பேனை நின்றுவிட்டது.
பக்கத்தைப் புரட்டினேன்.

மாற்றம் மூன்று கட்டம்:
உருக்கு, மாற்று, மறுபடி உறையவை.
இதை எழுதினவர் ஐஸ் போடுகிற இடத்தில்
ஒருநாளும் நின்றிருக்க மாட்டார்.
தகரத்திலிருந்து கட்டியை எடுக்க
வஸ்தியாம்பிள்ளையண்ணன் அதை உருக்குவதில்லை.
தண்ணித்தொட்டிக்குள் ஒருக்கா முக்குவார்.
ஓரம் மட்டும் இளகும்.
கவிழ்த்தால் வழுக்கி வந்து விழும்,
உள்ளே உறைந்தது உறைந்தபடி.
உண்மையாய் உருகினது வாய்க்காலோடு போய்விடும்.
அதை மறுபடி உறையவைக்க
முல்லைத்தீவுக் கடலிடம்தான் போய்க் கேட்கவேண்டும்.

விரல் வைக்கிற மிசின் வந்ததும் போன மாதம்தான்.
உப்பும் குளிரும் தின்ற விரல்களில்
அதற்கு வாசிக்க ஒன்றுமில்லை.
மறுபடி முயலவும், மறுபடி முயலவும் என்று
ஆங்கிலத்தில் ஒரு பெண்குரல்.
ஏழு பேர் பதினொரு நாள் வேலைக்கு வந்தும் வரவில்லை.
தலைமைக் காரியாலயத்துக்கு அறிக்கை அடித்தது நான்.
தலைப்பு: மாற்றத்துக்கு ஊழியர் காட்டும் எதிர்ப்பு.
அந்தச் சொல்லை இந்தக் குறிப்பிலிருந்துதான் எடுத்தேன்.

சரி, மூன்றாவது அடுக்கு.

எங்கள் பின்கதவை யாரும் பூட்டுவதில்லை.
மழையென்றாலும் நாயென்றாலும் சாத்துவதோடு சரி.
ஒருவரும் சொல்லித்தந்ததில்லை.
புதிதாய்ச் சேர்ந்த நிக்சன்
இரண்டாம் நாளே சாத்திவிட்டுப் போனான், பூட்டைத் தேடவில்லை.
ஏனென்று நான் கேட்டதில்லை.
கேட்காமலிருப்பதும் அதே அடுக்கில்தான் இருக்கிறது.
ஒரே ஒரு வழி உள்ள இடத்தில்
எங்களில் எவருக்கும் கனநேரம் நிற்க ஏலாது.
அந்த வருடத்துக்குப் பிறகு பிறந்த நிக்சனுக்கும்.

போன திங்கள் புது முகாமையாளர் பூட்டுப் போட்டார்.
களவு குறையுமாம். நல்ல மனுசன்தான்,
ஆருடைய பிறந்தநாளென்றாலும் கேக் வாங்கி வருவார்.
எமில்டா அக்கா மூன்று நாள் வரவில்லை.
நாலாம் நாள் வந்து,
முன்வாசலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு
அங்கேயிருந்தே பற்றுச்சீட்டு எழுதினா.
மடியில் கைப்பை. பின்னேரம்வரை கீழே வைக்கவில்லை.

இதை ஆறு புள்ளிக்கு எப்படிச் சுருக்குவது?
உப தலைப்பு என்ன போடுவது?

நாலரை பஸ். ஒட்டுசுட்டான் தாண்ட விடிகிறது.
பக்கத்து சீட்டில் ஒரு பெடியன்
கண்ணை மூடிக்கொண்டு எட்டுப் படிமுறையை முணுமுணுக்கிறான்.
ஆறாவதில் ஒவ்வொரு முறையும் தடுக்குகிறது.
அவசரத் தன்மையை உருவாக்கல் என்று
மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறான்.

பேனைப் பையைத் திறந்து பார்க்கிறேன்:
நீலப் பேனை இரண்டு, அடிமட்டம், அடையாள அட்டை,
பித்தளைச் சாவி.

கணக்கெழுதுகிறவளிடம்தான் சாவி இருக்கவேண்டுமாம்.
நேற்றுப் பின்னேரம் நான் பூட்டவில்லை.
மறந்துபோனீரா என்று முகாமையாளர் கேட்பார்.
மறந்துபோனேன் என்றுதான் சொல்வேன்,
அதற்கு அறிக்கை அடிக்கத் தேவையில்லை.

வவுனியா. மண்டபத்தில் மின்விசிறி சத்தம்.
மூன்றாவது கேள்வி:
நீர் நன்கறிந்த நிறுவனமொன்றின் கலாசாரத்தை…
அறிவுறுத்தலை இன்னொருக்கா வாசிக்கிறேன்.
ஐந்தில் ஏதாவது நான்கு.

மூன்றை விட்டுவிட்டு
நான்காவதற்குப் போகிறேன்.